மீனவர் சொல் கேளாத மீகாமர்கள்

சென்ற திங்களில் ஒருநாள், எட்டாம் வகுப்பில் நிலநூல் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். உலகப் படத்தைச் சுவரில் மாட்டி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள பால்மத் துறைமுகத்தில் சுட்டுகோலை ஊன்றி, அட்லாண்டிக் மாகடலின் குறுக்கே நியூயார்க் வரை ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டினேன். "அந்தக் காலத்து அஞ்சல் கப்பல்கள் இவ்வழியேதான் சென்றன" என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. கடலோரக் குப்பத்துச் சிறுவன்; தந்தை மீன்பிடிக்கக் கடலுக்குச் செல்பவர்.

"ஐயா, நீவாட்டை நீங்க கணக்கிலே சேர்க்கலையே! வள்ளத்தை நேரா விட்டாலும் அது நேராப் போகாதுங்களே!"

வகுப்பு சிரித்தது. வெட்கத்துடன் சொல்லுகிறேன், நானும் சிரித்தேன். "உட்கார், பாடத்தைக் கவனி" என்று கூறிவிட்டு மேலே சென்றேன். பட்டம் பெற்றவன் நான். பாடப்புத்தகம் என் கையில். சுட்டுகோலும் என் கையில்! குப்பத்துச் சிறுவனிடம் எனக்கென்ன கேள்வி?

அன்றிரவு, மறுநாள் பாடத்துக்காக அந்த அஞ்சல் கப்பல்களின் வரலாற்றைப் புரட்டினேன். கன்னத்தில் அறைந்தாற்போல் ஓர் உண்மை எதிரே நின்றது. ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்பு, அதே கடலில், அதே வழியில், அந்தக் கப்பல்களின் தலைவர்களிடம் மீனவர்கள் இதையேதான் சொன்னார்கள். அவர்களும் என்னைப் போலவே அதைப் புறக்கணித்தார்கள். அதற்காகக் கடல் அவர்களிடம் வாங்கிய கட்டணம் கொஞ்சநஞ்சமன்று!

நீவாடு என்பது, கடலில் ஓடும் நீரோட்டத்துக்கு நம் தென்கடற்கரை மீனவர்கள் வழங்கும் பெயர். அந்த நீவாடு கலங்களின் போக்கை எப்படி மாற்றியது, அதை மாந்தர் எப்படி அறிந்தனர், அறிந்தும் எப்படி அறியாதார் போலிருந்தனர் என்ற வரலாற்றைத்தான் தோழர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஓடும் நீர்மேல் ஓடும் கலம்

முதலில் ஒரு சிறு கணக்கு. கப்பல் ஒன்று மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் கிழக்கு நோக்கிச் செல்கிறது. அங்கே கடல் நீர், மணிக்கு 2 கடல் மைல் வேகத்தில் வடக்கு நோக்கி ஓடுகிறது. திசைகாட்டியின் முள் கிழக்கையே காட்டுகிறது. சுக்கான் பிடித்தவன் கை சிறிதும் தவறவில்லை. ஒரு நாள் கழித்துக் கப்பல் எங்கே இருக்கும்?

கிழக்கே 240 கடல் மைல் சென்றிருக்கும். ஆனால் அதே நேரத்தில் வடக்கே 48 கடல் மைல் தள்ளப்பட்டிருக்கும்! ஏறத்தாழ 89 கிலோமீட்டர்! துறைமுகம் இருக்க வேண்டிய இடத்தில் பாறை இருக்கும், மணல்திட்டு இருக்கும், ஒன்றுமே இல்லாமல் வெறுங்கடலாகவும் இருக்கும். நேர் கிழக்கே சென்று சேர வேண்டுமானால், கப்பலின் முகத்தை ஏறத்தாழ 11½ பாகை தெற்கே திருப்பி வைத்துச் செலுத்த வேண்டும். வளைத்துப் பிடித்தால்தான் நேராகச் செல்லலாம்! அப்போதும் மணிக்கு 10 கடல் மைல் கிடைக்காது, 9.8தான் கிட்டும்.

"கப்பலில் இருப்பவர்களுக்கு இது தெரியாதா?" என்று கேட்கத் தோன்றும். தெரியாது என்பதுதான் இதிலுள்ள சூழ்ச்சி.

அந்நாளில் கப்பலின் வேகத்தை எப்படி அளந்தார்கள்? ஒரு மரப்பலகையைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். கயிற்றில் ஒரே அளவான இடைவெளிகளில் முடிச்சுகள் இருக்கும். மணற்கடிகையில் மணல் வடிந்து தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைவிட்டு ஓடின என்று எண்ணுவார்கள். கப்பலின் வேகத்தை இன்றும் முடிச்சுக் கணக்கில் சொல்லும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். நல்ல கருவி, ஆனால் ஒரு குறை. கப்பலைச் சுமந்து செல்லும் அதே நீர்தான் பலகையையும் சுமந்து செல்கிறது! ஆகவே, நீரைவிடக் கப்பல் எவ்வளவு விரைந்து செல்கிறது என்பதை அது சொல்லும்; நீர் எங்கே செல்கிறது என்பதைச் சொல்லாது.

ஓடுகிற தொடர்வண்டிக்குள் நடக்கிற ஒருவர், தம் காலடிகளை மட்டும் எண்ணிக்கொண்டு, "இருபது அடி வந்தேன்" என்று சொன்னால் எப்படி? சன்னலைத் திறந்து வெளியே பார்த்தாலல்லவோ வண்டி கடந்த தொலைவு தெரியும்! நடுக்கடலில் சன்னல் ஏது? மரமில்லை, மலையில்லை, மைல்கல் இல்லை. கதிரவனையும் விண்மீனையும் அளந்து, வடக்கு தெற்காகத் தாம் இருக்கும் இடத்தை மாலுமிகள் அறிந்தார்கள். கிழக்கு மேற்காக இருக்கும் இடத்தை அறிவது அரிதாக இருந்தது. அதற்கு வேண்டிய துல்லியமான கடிகாரத்தை ஜான் ஹாரிசன் செய்து முடித்ததே 1759-இல்தான். எல்லாக் கப்பல்களுக்கும் அது எட்டப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை திசை, வேகம், நேரம் என்ற மூன்றையும் பெருக்கிப் பார்த்து, "இந்நேரம் இங்கே இருப்போம்" என்று படத்தில் புள்ளி வைப்பதுதான் மீகாமனின் தொழில். புள்ளி படத்தில் இருந்தது. கப்பல் வேறெங்கோ இருந்தது!

காற்று முன்னே, கலம் பின்னே

1513-ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள். ஸ்பெயின் நாட்டு பொன்ஸ் டி லியோன் என்பவர், மூன்று கப்பல்களுடன் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். பாய்கள் புடைத்து நின்றன. காற்றுச் சாதகமாகவே வீசியது. ஆனால் கப்பல்கள் முன்னே செல்லவில்லை, பின்னே சென்றன!

காற்றையும் வென்ற ஒன்று நீருக்குள் இருந்தது. கரையை ஒட்டி நின்ற இரண்டு கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சித் தப்பின. சற்று வெளியே நின்ற மூன்றாவது சிறு கப்பலின் நங்கூரத்துக்குத் தரை எட்டவில்லை. வானம் தெளிந்திருந்தது, புயலில்லை, பூசலில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கப்பல் அடித்துச் செல்லப்பட்டுக் கண்ணுக்கு மறைந்தது. மற்ற இரண்டோடும் அது மீண்டும் சேர இரண்டு நாட்களாயின.

பேயின் வேலை என்று பயந்து ஒதுங்கியிருக்கலாம். தெய்வத்தின் சினம் என்று மண்டியிட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பயணத்தில் அன்டன் டி அலமினோஸ் என்றொரு மீகாமன் இருந்தான். அவன் அதை அஞ்சவுமில்லை, தொழவுமில்லை, நினைவில் வைத்துக்கொண்டான். ஆறு ஆண்டுகள் கழித்து, 1519-இல், மெக்சிகோவிலிருந்து கோர்ட்டெஸ் அனுப்பிய செல்வத்தை ஸ்பெயினுக்குக் கொண்டு செல்லும் பொறுப்பு அவனிடம் வந்தது. எந்த ஓட்டம் தன்னைப் பின்னே தள்ளியதோ, அதே ஓட்டத்தில் கப்பலை இறக்கி, அதன் முதுகிலேறி ஊர் போய்ச் சேர்ந்தான். பின்னர் ஸ்பெயினின் செல்வக் கப்பல்கள் ஊர் திரும்பும் வழியாகவே அது ஆகிவிட்டது.

எதிர்த்தால் பகை, அறிந்தால் துணை. அலமினோஸ் கண்ட பாடம் அது. அந்த ஓட்டத்தைத்தான் இன்று வளைகுடா நீரோட்டம் என்கிறோம். மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து புறப்பட்டு, புளோரிடா முனையைச் சுற்றி, அமெரிக்கக் கிழக்குக் கரையோரமாக வடக்கே ஏறி, பிறகு கிழக்கே திரும்பி ஐரோப்பாவின் பக்கம் செல்லும் வெந்நீர்ப் பேராறு அது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலம். நடுவில் மணிக்கு 4 கடல் மைலுக்கும் மேற்பட்ட வேகம். புளோரிடா நீரிணையில் மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 3 கோடி கன மீட்டர் நீர் பாய்கிறது. உலகத்து ஆறுகள் அத்தனையும் கூடிக் கடலில் கொட்டும் நீரைப்போல் இருபது மடங்குக்கும் மேல்! கரையில்லாத ஆறு, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஆறு!

பதினான்கு நாள் புதிர்

இனி, என் வகுப்பறைக் கோட்டுக்கு வருகிறேன்.

1768-ஆம் ஆண்டு. அமெரிக்கக் குடியேற்றங்கள் அப்போது இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தன. பாஸ்டன் நகரச் சுங்க அதிகாரிகள் லண்டனுக்கு ஒரு முறையீடு அனுப்பினர். பால்மத்திலிருந்து நியூயார்க்குக்கு வரும் அரசு அஞ்சல் கப்பல்கள், லண்டனிலிருந்து ரோட் ஐலண்டுக்கு வரும் வணிகக் கப்பல்களைவிடப் பொதுவாக இரண்டு வாரம் பிந்தி வருகின்றன. ஆகவே அஞ்சலை நியூயார்க்குக்குப் பதிலாக ரோட் ஐலண்டின் நியூபோர்ட் துறைமுகத்துக்கே அனுப்பினால் என்ன என்பது அவர்களின் கேள்வி.

முறையீடு வந்து சேர்ந்த இடத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் இருந்தார். மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவரின் மகன். இரண்டே ஆண்டு பள்ளியில் பயின்றவர். அச்சுக்கோக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். வானத்து மின்னல் மின்சாரமே என்று உலகம் ஏற்கும்படி செய்தவர். அமெரிக்கக் குடியேற்றங்களின் துணை அஞ்சல் தலைவராக அப்போது லண்டனில் தங்கியிருந்தார்.

அவருக்கு வியப்பு. நியூயார்க்குக்கும் நியூபோர்ட்டுக்கும் இடையே ஒரு நாள் பயணத் தொலைவுகூட இல்லை. வணிகக் கப்பல்களோ சுமை மிகுந்தவை, ஆள் குறைந்தவை, லண்டனிலிருந்து தேம்ஸ் ஆற்றில் இறங்கி, ஆங்கிலக் கால்வாய் முழுவதையும் கடந்த பிறகுதான் மாகடலையே காண்பவை. அஞ்சல் கப்பல்களோ பால்மத்தை விட்டதும் மாகடல்தான். சுமை மிகுந்தவன் முந்துகிறான். சுமை குறைந்தவன் பிந்துகிறான். ஏன்?

அவ்வேளையில் லண்டனுக்கு வந்திருந்தார் திமோத்தி போல்ஜர். நான்டக்கெட் தீவைச் சேர்ந்த கப்பல் தலைவர். பிராங்க்ளினின் தாய்வழி உறவினர். திமிங்கில வேட்டையே அத்தீவாரின் வாழ்வு. பிராங்க்ளின் அவரிடம் போய்க் கேட்டார். விடை உடனே வந்தது.

திமிங்கிலங்கள் வளைகுடா நீரோட்டத்தின் ஓரங்களில் காணப்படும், உள்ளே காணப்படுவதில்லை. ஆகவே அவற்றைத் தேடி வேட்டைக் கப்பல்கள் அந்த ஓரங்களிலேயே உலவும். பக்கம் மாறவேண்டியபோது குறுக்கே கடக்கும். அப்படிக் கடக்கும்போதெல்லாம், ஓட்டத்தின் நட்டநடுவில், அதை எதிர்த்துக்கொண்டு அஞ்சல் கப்பல்கள் நிற்பதைக் கண்டிருக்கிறார்கள், பேசியும் இருக்கிறார்கள். "மணிக்கு மூன்று மைல் வேகத்தில் நீர் உங்களுக்கு எதிராக ஓடுகிறது. குறுக்கே கடந்து வெளியே வாருங்கள்" என்று வழி சொல்லியிருக்கிறார்கள். ஆனால், எளிய அமெரிக்க மீனவர் சொல்லி அறிந்துகொள்ளும் நிலையில் தாங்கள் இல்லை என்று அந்த ஆங்கிலத் தலைவர்கள் நினைத்துவிட்டார்களாம். போல்ஜர் கூறியதாகப் பிராங்க்ளினே எழுதிவைத்திருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 3 மைல் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 70 மைல்! நல்ல காற்று வீசும் நாளில், ஓடிய ஓட்டத்தில் 70 மைல் களவு போகும். காற்று மெலிந்து, கப்பல் மணிக்கு 2 மைல்தான் செல்கிறது என்றால், அது முன்னே செல்லவில்லை. மணிக்கு ஒரு மைல் பின்னே செல்கிறது. பாய் விரித்திருக்கிறது, பலகை எறிந்து வேகமும் பார்த்தாயிற்று, முடிச்சுகள் ஓடுகின்றன, குறிப்பேட்டில் தொலைவும் எழுதியாயிற்று. ஆனால் அமெரிக்காவோ அருகே வருவதற்குப் பதிலாக விலகிப் போகிறது!

ரோட் ஐலண்டு வணிகக் கப்பல்களின் தலைவர்களுக்கு இந்த ஓட்டம் தெரியும். அவர்கள் விலகிச் சென்றார்கள், முந்தினார்கள். அஞ்சல் கப்பல்களின் ஆங்கிலத் தலைவர்களுக்குத் தெரியாது; தெரிந்தவர் சொன்னபோதும் கேளார். பதினான்கு நாள் புதிரின் விடை இவ்வளவுதான்.

கேட்டவர் ஒருவர்

பிராங்க்ளின் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், ஓட்டத்தைப் படத்தில் வரைந்து காட்டுமாறு போல்ஜரை வேண்டினார். போல்ஜர் ஓட்டத்தின் போக்கையும், அகலத்தையும், வேகத்தையும் குறித்துத் தந்தார். ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் அதைத் தவிர்க்கும் வழியையும் எழுதித் தந்தார். 1768 அக்டோபர் 29-ஆம் நாள், அஞ்சல் துறைச் செயலாளர் அந்தோணி டாடுக்குப் பிராங்க்ளின் இச்செய்தியை மடலாக எழுதினார். படம் லண்டனில் மவுண்ட் - பேஜ் நிறுவனத்தில் அச்சாயிற்று. படிகள் பால்மத்துக்குச் சென்றன.

படத்தைப் பெற்ற கப்பல் தலைவர்கள் என்ன செய்தார்கள்? பொருட்படுத்தவில்லை!

அவர்களில் எவரும் தீயவரல்லர், மடையருமல்லர். கடலை அறிந்தவர்கள், பல முறை கடந்தவர்கள். அவர்களை மறைத்தது அறியாமை மட்டுமன்று. சொல்பவன் யார் என்று பார்த்தார்களே தவிர, சொல்லப்படுவது என்ன என்று பார்க்கவில்லை. சொன்னவரைப் பாராதே, சொன்னதின் மெய்யைப் பார் என்று நம் வள்ளுவர் வகுத்த அளவுகோல் அவர்கள் கையில் இல்லை. திமிங்கிலத்தின் பின்னே திரிகிறவனுக்கு, அரசு முத்திரை பொறித்த கப்பலை நடத்துகிறவனைவிடக் கடல் தெரியுமா என்ற எண்ணம் தடுத்தது. அந்த எண்ணமும் ஒரு நீரோட்டந்தான், தோழர்களே! உள்ளே இருப்பவனுக்கு அது தெரிவதில்லை.

பிராங்க்ளின் பிறர் சொல்லை ஏற்றார் என்றேன்; நம்பி விட்டுவிட்டார் என்று சொல்லவில்லை. தாமே அளந்து பார்த்தார். 1775-இல் தாயகம் திரும்பியபோது, வெப்பமானியைக் கடல்நீரில் தோய்த்துத் தோய்த்துச் சூட்டைக் குறித்துவந்தார். 1776-இல் பிரான்சு சென்றபோதும் அளந்தார். 1785-இல், 79 வயதில், இறுதியாக மாகடலைக் கடந்தபோதும் அளந்தார். ஓட்டத்தின் நீர் பக்கத்து நீரைவிட வெப்பமானது. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத அந்த ஆற்றின் கரையை வெப்பமானி காட்டிக்கொடுக்கும்! நடுக்கடலில் சன்னல் இல்லை என்றேனே, அந்தச் சன்னலைத் திறந்தது விரல் பருமனுள்ள ஒரு கண்ணாடிக் குழாய். இம்முடிவுகளை அவர் 1786-இல் வெளியிட்டார்.

பால்மத்தில் மதிக்கப்படாத அந்த முதற்படம் என்ன ஆயிற்று? நெடுங்காலம் கண்ணில் படாமலே கிடந்தது. பிலிப் ரிச்சர்ட்சன் என்னும் கடலாய்வாளர், 1978-இல் பாரிசு நகரத் தேசிய நூலகத்தில் அதன் படிகளைக் கண்டெடுத்தார். போல்ஜர் காட்டிய போக்கு, இக்கால அளவீடுகளோடு வியக்குமளவு ஒத்திருக்கிறது.

குறிப்பேடுகள் பேசின

ஓர் ஓட்டத்தை ஒருவர் கண்டார். உலகத்துக் கடல் முழுவதையும் காண்பது எப்படி?

வங்க நாட்டை அளந்து படம் வரைந்த ஜேம்ஸ் ரென்னல் என்னும் ஆங்கிலேயர், இங்கிலாந்து திரும்பியபின் கப்பல் குறிப்பேடுகளைத் தொகுக்கத் தொடங்கினார். "இங்கே இருப்போம்" என்று மீகாமன் வைத்த புள்ளிக்கும், உண்மையில் கப்பல் இருந்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்தார். மீகாமனின் பிழை எதுவோ அதுவே நீரோட்டத்தின் அளவு! பிழைகளைச் சேர்த்து உண்மையைச் செய்தார். அட்லாண்டிக் நீரோட்டங்களைப் பற்றிய அவரது பெருநூல், அவர் மறைந்தபின் 1832-இல் வெளிவந்தது.

அவ்வழியை உலகளவுக்கு விரித்தவர் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மாத்யூ மோரி. வண்டி விபத்தில் கால் ஊனமுற்று, கப்பலில் பணிபுரிய இயலாது போனதால், 1842-இல் வாஷிங்டனில் கடற்படங்களையும் கருவிகளையும் வைத்திருக்கும் கிடங்கின் பொறுப்பைப் பெற்றார். அங்கே பழைய குறிப்பேடுகள் குவிந்து கிடந்தன. மற்றவர்களுக்கு அவை குப்பை. மோரிக்கு அவை கோடிக் கண்கள். ஆயிரமாயிரம் மாலுமிகள் நாள்தோறும் எழுதிய காற்றையும் ஓட்டத்தையும் சேர்த்து, 1847-இல் படமாக்கினார்.

1848-இல் பால்டிமோரிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல் அந்தப் படத்தை நம்பி ரியோ டி ஜெனிரோ சென்று, வழக்கத்தைவிட ஒரு திங்களுக்கு மேல் முன்னதாக ஊர் திரும்பியது. அவ்வளவுதான்! "எங்களுக்கும் படம் தாருங்கள்" என்று மாலுமிகள் முண்டியடித்தனர். மோரி விலை கேட்கவில்லை. "உங்கள் பயணக் குறிப்பை எழுதி அனுப்புங்கள், படம் இலவசம்" என்றார். தென்னமெரிக்க முனையைச் சுற்றி நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ செல்லும் பயணம், சராசரி 180 நாட்களுக்கு மேலிருந்தது, ஏறத்தாழ 133 நாட்களுக்குக் குறைந்தது. 1853-இல் பிரசல்சு நகரில் கடலோடும் நாடுகள் கூடிக் குறிப்பெழுதப் பொதுமுறை ஒன்றை வகுத்தன.

மோரியைப் பாராட்டும்போது முழு உண்மையையும் சொல்லவேண்டும். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அடிமை முறையைக் காத்து நின்ற தென்மாநிலங்களின் பக்கம் சேர்ந்தவர் அவர். நீரோட்டங்கள் தோன்றும் காரணத்தைப் பற்றியும் தவறினார்; நீரின் அடர்த்தி வேறுபாடே தலையாயது என்றார். பின்வந்தோர் ஆராய்ந்து, மேற்பரப்பு ஓட்டங்களைப் பெரிதும் நடத்துவது காற்றே என்று நிறுவினர். அவர் கொள்கை போயிற்று. அவர் தொகுத்த சான்று நின்றது. பெரியவர் சொன்னார் என்பதற்காகப் பிழையைத் தூக்கிச் சுமப்பதில்லை. பிழை செய்தார் என்பதற்காக அவர் கண்ட உண்மையைத் தூக்கி எறிவதுமில்லை. அறிவியலின் நேர்மை அது.

காற்றும் சுழலும் உலகும்

காற்று நீரைத் தள்ளுகிறது, நீர் ஓடுகிறது. ஆனால் காற்று காட்டும் திசையிலேயே ஓடுகிறதா? இல்லை! நார்வே நாட்டு நான்சென், 1893 முதல் 1896 வரை தம் பிராம் கப்பலை ஆர்க்டிக் பனிக்கடலில் உறையவிட்டு, பனியோடு மிதந்து சென்றார். பனி, காற்றின் திசையிலிருந்து 20 முதல் 40 பாகை வரை வலப்புறம் விலகிச் செல்வதைக் கண்டார். காரணத்தைக் கணக்கிட்டுக் காட்டியவர் சுவீடன் நாட்டு எக்மன். 1905-இல் விளக்கம் வெளிவந்தது. நிலவுலகம் தன்னைத்தானே சுற்றுவதால், ஓடும் நீர் வடபாதியில் வலப்புறமும் தென்பாதியில் இடப்புறமும் ஒதுங்குகிறது. இந்த ஒதுக்கமும், காற்றின் ஒழுங்கும், கண்டங்களின் தடுப்பும் சேர்ந்து, மாகடல்களில் மாபெரும் வட்டங்களாக நீர் சுழல்கிறது. வளைகுடா நீரோட்டம் அத்தகைய வட்டமொன்றின் மேற்கு விளிம்பு. மேற்கு விளிம்பு மட்டும் ஏன் இவ்வளவு குறுகலாகவும் கடுமையாகவும் ஓடுகிறது என்பதை 1948-இல் ஹென்றி ஸ்டொம்மெல் விளக்கினார்.

நம் கடல் இன்னும் விந்தையானது. பருவக்காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவதால், வட இந்தியப் பெருங்கடலின் ஓட்டங்களும் திசை மாறுகின்றன. இலங்கைக்குத் தெற்கே, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கியும் நீர் ஓடுகிறது. போன திங்களில் துணையாக ஓடியது இந்தத் திங்களில் எதிராக ஓடும். இது நம் மீனவர்களின் அன்றாட வாழ்வு. என் மாணவன் அன்று சொன்னது அதன் ஒரு துளி.

செருக்கின் விலை 23 உயிர்

பால்மத் தலைவர்கள் இழந்தது நாட்களை மட்டுமே. உயிர்களையே இழந்த கதையும் உண்டு.

1923 செப்டம்பர் 8-ஆம் நாள். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பதினான்கு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் டியகோ நோக்கி, கலிபோர்னியக் கரையோரமாக 20 முடிச்சு வேகத்தில் விரைந்தன. முன்னே சென்றது டெல்பி. தலைமை ஏற்றவர் கேப்டன் வாட்சன். மூடுபனி கரையை மறைத்தது. கப்பலின் சுழல்விசிறி சுற்றிய கணக்கைக் கொண்டு, வந்த தொலைவைக் கணக்கிட்டார்கள். அது கப்பல் நீரைக் கிழித்த கணக்கு. நிலத்தைக் கடந்த கணக்கன்று.

கரையில், ஆர்க்குவெல்லோ முனையில், கப்பலின் திசையை அறிந்து சொல்லும் வானொலி நிலையம் இருந்தது. "நீங்கள் இன்னும் முனைக்கு வடக்கேதான் இருக்கிறீர்கள்" என்று அது காட்டியது. புதிய கருவி, அதைவிடத் தம் கணக்கே உறுதி என்று கப்பலில் இருந்தோர் எண்ணினர். ஆழம் பார்த்திருக்கலாம், அதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைக்கவில்லை. முனையைக் கடந்துவிட்டோம் என்று நம்பி, இரவு 9 மணிக்குக் கிழக்கே திரும்பினார்கள். ஐந்தே நிமிடங்களில் டெல்பி பாறையில் மோதியது. பின்னே வந்தவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதின. ஏழு கப்பல்கள் அழிந்தன. 23 மாலுமிகள் மாண்டனர்.

ஒரு வாரத்துக்கு முன் ஜப்பானை உலுக்கிய நிலநடுக்கம் கடலோட்டத்தைக் குலைத்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு, அது ஊகமே. அலையின் பங்கு எவ்வளவு, ஓட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதும் வழக்காடத்தக்கது. வழக்காட முடியாதது ஒன்று: கணக்குத் தவறு என்று கரையிலிருந்து ஒரு குரல் சொன்னது, அந்தக் குரலை நம்பவில்லை. வாட்சன் நீதிமன்றத்தில் பொறுப்பு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்மை போற்றத்தக்கதே. ஆனால் மாண்ட 23 பேர் மீளவில்லையே!

இன்று செயற்கைக்கோள்கள், கப்பல் இருக்கும் இடத்தைச் சில மீட்டர் பிழைக்குள் சொல்லுகின்றன. நீரை எவ்வளவு கிழித்தோம், நிலத்தை எவ்வளவு கடந்தோம் என்ற இரண்டையும் மீகாமன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நீவாடு. அதைத் துணையாகக் கொண்டால் எரிபொருள் மிச்சம், எதிர்த்தால் இழப்பு. கருவி வளர்ந்திருக்கிறது. ஆனால் கருவி சொல்வதையும், தன் கணக்குக்கு மாறாக எளியவன் சொல்வதையும் ஏற்கும் நெஞ்சை எந்தச் செயற்கைக்கோளும் தந்துவிடாது. அதை நாமேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் வகுப்புக்குச் சென்றேன். உலகப் படத்தை மாட்டினேன். சுட்டுகோலை அந்தச் சிறுவன் கையில் கொடுத்து, "நேற்று நான் இழுத்த கோடு தவறு. நீவாடு எப்படி இழுக்கும் என்று நீ வந்து காட்டு" என்றேன். எழுந்து வந்தான். முதலில் கை சற்றே நடுங்கியது. பிறகு, கோல் படத்தின்மேல் வளைந்து வளைந்து சென்றது.

அன்று யாரும் சிரிக்கவில்லை.